ஹொட்பிளேட் மேல் 24 துளை போட்ட அலுமினியக் கட்டி: போதுமா?

கேள்வி, 2024 பெப்ரவரி 11

கொழும்பில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். தேங்காயெண்ணெய்யையும் மெதனோலையும் முட்டைக்கோதைச் சுட்டு எடுத்த கல்சியம் ஒட்சைட்டு ஊக்கியோடு தாக்கமுறச் செய்து பயோடீசல் எடுப்பதுதான் தலைப்பு. ஊக்கியின் அளவு, மெதனோல் விகிதம், கோதைச் சுட்ட வெப்பநிலை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் வருடமே முடிந்துவிடும். பல தாக்கங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வெளிநாட்டுச் சமாந்தரத் தாக்கக் கருவி வாங்கக் காசில்லை. காந்தத்தால் கலக்கும் ஹொட்பிளேட் மேல் ஓர் அலுமினியக் கட்டியை வைத்து, துளைக்கொரு போத்தலாக 24 துளை போட்டால் ஒரே நாளில் 24 விடை வந்துவிடும்தானே?

பெப்ரவரி 11, இரவு

தம்பி, கட்டி கிடைக்கும், துளையும் போடலாம். 24 இலக்கமும் கிடைக்கும். அதில் எது ஊக்கியால் வந்தது, எது துளையால் வந்தது என்று பிரிக்கத்தான் வழி இருக்காது.

நான் ஆய்வுகூடச் சாமான் திருத்துகிறவன். சதுரக் கட்டியில் நாலுக்கு ஆறு என்று துளை போட்டுக் கொண்டுவந்து, "மூலையில் வைத்த தாக்கம் மட்டும் ஏன் எப்போதும் மந்தம்?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலைத் துளைக்கு இரண்டு பக்கம் காற்று. நடுத் துளைக்கு நாலு பக்கமும் சூடான உலோகம். இடியப்பத் தட்டுகளை அடுக்கி அவித்தால் எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் வேகாதது போலத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏவற்சக்தி (தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தித் தடை) மோலுக்கு 60 கிலோயூல் என்று எடுத்தால், 60 பாகை செல்சியஸில் ஒரு பாகை வித்தியாசம் தாக்க வீதத்தை ஏறக்குறைய 6.5 சதவீதம் மாற்றும். நடுவுக்கும் மூலைக்கும் 3 பாகை என்றால் ஐந்திலொரு பங்கு போய்விட்டது. இந்த ஊக்கி அந்த ஊக்கியைவிட 15 சதவீதம் நல்லது என்று ஆய்வேட்டில் எழுதப்போகிறீர்கள். அந்த 15 சதவீதம் துளையின் இடத்திலேயே இருக்கிறது.

பெப்ரவரி 11, அதற்குப் பின்

சுருக்கமாக: சதுரத்தை விட்டுவிட்டு வட்டமாக யோசியுங்கள். துளைகள் ஒரே வளையத்தில், மையத்திலிருந்து ஒரே தூரத்தில். அப்போது எல்லாத் துளைக்கும் ஒரே அயல்தான். பிரித்தானியாவின் ராட்லீஸ் விற்கும் கரூசல் வகைக் கருவியில் 12 குழாய்கள் வளையமாக நிற்பது அழகுக்காக இல்லை.

பெப்ரவரி 13

யாரோ கேட்டிருக்கிறார், ஏன் அலுமினியம், துருவேறா உருக்கில் செய்தால் நீடிக்குமே என்று. நீடிக்கும். ஆனால் 304 ரக உருக்கு வெப்பத்தைக் கடத்தும் அளவு மீற்றருக்குப் பாகைக்கு 16 வாற்று. 6061 அலுமினியம் 167. பத்து மடங்கு. உருக்குக் கட்டியில் சூடு போய்ச் சேருவதற்குள் ஓரம் ஆறிவிடும். செம்பு 400க்குக் கிட்ட வரும், ஆனால் விலையும் பாரமும்! அலுமினியமே போதும்.

பழைய சோனகத் தெருவில் உலோகத் தண்டு வெட்டிக் கொடுக்கும் கடைகளில் உருளைத் தண்டாகவே கேளுங்கள். சதுரக் கட்டி வாங்கி வட்டமாக்கினால் லேத் கூலியும் சீவலுமாகக் காசு போகும். ரகத்தை எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். நம் வேலைக்கு அதனால் பெரிய குடி முழுகாது.

லேத் பாஸிடம் (கடைசல்காரரிடம்) போகும்போது, தாக்கம் நடத்தப்போகும் கண்ணாடிப் போத்தல்களைக் கையோடு கொண்டு போங்கள், ஒன்றல்ல, ஒரு பெட்டி. "28 மில்லிமீற்றர்" என்று சொன்னால் அவர் 28 போட்டுவிடுவார், போத்தல் இறங்காது. என் பாஸ் முதலில் வேனியரை எடுத்து ஒவ்வொரு போத்தலையும் இரண்டு இடத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்று 27.6 காட்டும், இன்னொன்று 28.1. கண்ணாடி அப்படித்தான். மிகப் பெரியதை ஒரு பக்கம் தள்ளிவைத்து, அதற்கு மேல் அரை மில்லிமீற்றருக்குள் துளை. வெட்டி முடிந்ததும் அந்தத் தள்ளிவைத்த போத்தலை ஒவ்வொரு துளையிலும் இறக்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு கேட்பார்.

இடைவெளி ஏன் முக்கியம் என்றால், இடையில் இருப்பது காற்று. அலுமினியத்தோடு பார்த்தால் காற்று ஆறாயிரம் மடங்கு மந்தம். துளைக்குள் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் விட்டால் தீர்ந்தது. போத்தலை எடுக்கும்போது கை வழுக்கும், துடைக்க ஒரு பழந்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

பெப்ரவரி 13, பின்னேரம்

அளவு கேட்டவர்களுக்கு. சாதாரண வட்ட ஹொட்பிளேட்டின் தட்டு 135 மில்லிமீற்றர். அதே விட்டத்தில் 50 உயரத்துக்குக் கட்டி வெட்டுங்கள், ஏறக்குறைய 2 கிலோ வரும். 28.5 துளை, துளைக்குத் துளை 6 மில்லிமீற்றர் சுவர் என்று வைத்தால் எட்டுத் துளைதான் அந்த வளையத்தில் இருக்கும். 8 மில்லிலீற்றர் சின்னப் போத்தல் (வெளிவிட்டம் 17) என்றால் அதே வளையத்தில் 12. 24க்கு இடமே இல்லை.

எட்டா, பன்னிரண்டா? எனக்கு எட்டுத்தான் பிடிக்கும். சின்னப் போத்தலில் 4 கிராம் எண்ணெய்க்கு 3 சதவீத ஊக்கி என்றால் 0.12 கிராம். கரண்டி நுனியில் ஒட்டியது விழுந்தாலே கணக்கு மாறிவிடும்.

பெப்ரவரி 17

கலக்கல் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெப்பநிலையைவிட இதுதான் இந்தத் தாக்கத்துக்கு எமன்.

மெதனோலும் தேங்காயெண்ணெய்யும் கலக்காது. ஊக்கி திண்மம். மூன்று அவத்தைகள். ஆரம்பத்தில் தாக்க வீதத்தைத் தீர்மானிப்பது உங்கள் முட்டைக்கோது இல்லை, மெதனோல் துளிகளும் தூளும் எவ்வளவு நன்றாகப் பரவுகின்றன என்பதுதான். காந்தத் துண்டு ஒரு போத்தலில் ஒழுங்காகச் சுழன்று இன்னொன்றில் நடுங்கிக்கொண்டு நின்றால், நீங்கள் அளப்பது காந்தத்தை.

ஹொட்பிளேட்டுக்குள் இருப்பது நடுவில் சுழலும் ஒரே காந்தம். வளையம் பெரிதாகப் பெரிதாக அதன் பிடி தளரும். எட்டுத் துளை வளையத்தில் மையத்திலிருந்து 45 மில்லிமீற்றர், அது சமாளிக்கும். சதுரக் கட்டியில் நடுத் துளை காந்தத்துக்கு நேர் மேலே, மூலை எங்கோ. இதற்கும் வட்டம்தான் மருந்து.

சோதிப்பது இலேசு. போத்தல்களில் எண்ணெய்யும் ஒரு சிட்டிகை ஊக்கித் தூளும் போட்டு, வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். அடியில் தூள் படியாமல் எழும்பும் வேகத்தைப் போத்தலுக்குப் போத்தல் குறியுங்கள். மிகச் சோம்பேறிப் போத்தல் எழும்பிய வேகத்துக்கு மேலே வேலை செய்யுங்கள். அதற்குப் பிறகு வேகத்தை இன்னும் கூட்டியும் விளைவு மாறவில்லை என்றால் கலக்கல் தொல்லை விட்டது.

காந்தத் துண்டுகளும் ஒரே பெட்டியில் வந்தவையாக இருக்கட்டும். இலாச்சியில் கிடந்த பழசும் புதுசும் கலந்து போடாதீர்கள்.

பெப்ரவரி 18

மேலே ஒருவர், "இப்படித் தலையை உடைக்கிறதுக்கு ஒவ்வொன்றாகவே செய்துவிடலாம்" என்கிறார். சரி, அவருக்கு ஒரு பழைய கதை.

அமோனியாவுக்கு ஊக்கி தேடியபோது ஜேர்மனியில் பீ.ஏ.எஸ்.எஃப். இரசாயனக் கம்பனியில் அல்வின் மித்தாஷ் 1912 வாக்கில் 2500 ஊக்கிகள், 6500 பரிசோதனைகள் வரை போய்விட்டார். ஒவ்வொன்றாகப் போயிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார். ஒரே மாதிரியான சின்னச் சின்ன உயரமுக்கக் குழாய்களைப் பல செய்து, ஊக்கியை மட்டும் கழற்றி மாற்றும்படி வைத்தார். இரும்புதான் வென்றது, அதுவும் சுவீடனிலிருந்து வந்த மக்னட்டைட்டு இரும்புத்தாது மாதிரி ஒன்று எதிர்பாராமல் நன்றாக வேலை செய்ததிலிருந்து. அதற்குள் இருந்த அழுக்குகள்தான் காரணம் என்று பிறகு தேடிப் பிடித்தார்கள். எல்லாக் குழாயும் ஒன்றுபோல இருந்தபடியால்தான் அந்த ஒன்று தனித்துத் தெரிந்தது. குழாய்க்குக் குழாய் குணம் மாறியிருந்தால், நல்ல குழாய் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.

இன்னொன்று. இன்று எல்லா ஆய்வுகூடத்திலும் கிடக்கும் குழித்தட்டு (குழிக்கு ஒரு சோதனையாகப் பலதை ஒன்றாகச் செய்யும் தட்டு), 1951இல் ஹங்கேரியில் கியூலா தகாட்சி என்ற மருத்துவர் பிளாஸ்டிக் பலகையில் கையால் குழி கடைந்து செய்தது. முதலில் ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. இன்புளுவன்சா சோதனைகள் குவிந்தன, சாமான் தட்டுப்பாடு. 2022இல் நாங்கள் இறக்குமதித் தடையோடு இருந்தோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பன்னிரண்டு, 9 மில்லிமீற்றர் இடைவெளி எல்லாம் அதற்குப் பிறகு நிலைபெற்றவை.

பெப்ரவரி 24

இருட்டில் வேலை செய்யும் தம்பிமாருக்குப் பாதுகாப்பு பற்றி. இதை வாசிக்காமல் கட்டியைச் சூடாக்க வேண்டாம்.

பி.ஐ.டி. கட்டுப்படுத்தி (வெப்பநிலையைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைப்பது), எஸ்.எஸ்.ஆர். (அதன் சொற்படி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு ஆளி), சூடாக்கி மூன்றையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அரை நாளில் வாங்கிவிடலாம். எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் மூடியபடியே பழுதாகும், அதாவது சூடாக்கி நிற்காது. உள்ளே மெதனோல், கொதிநிலை 64.7 பாகை. கட்டுப்படுத்தி நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கட்டி ஏறிக்கொண்டே போகும். ஆகவே சூடாக்கியின் மின்வழியிலேயே தனியாக ஒரு பைமெட்டல் கட்-அவுட், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது. சுடுநீர் டிஸ்பென்சருக்குள் இருக்குமே ரூபாக் குற்றி அளவில், அதுதான். கையால் அழுத்தினால் மட்டும் திரும்ப இணையும் வகையைக் கேளுங்கள். கட்டியில் திருகி இறுக்குங்கள், ஒட்டுநாடா வேண்டாம்.

இரண்டாவது, மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது அப்படி இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஆளில்லாத அறையில் கட்டி தானாகச் சூடேறக்கூடாது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் பிடிக்கும் கொன்டாக்டர் (மின்காந்த ஆளி) ஒன்று இடையில் இருந்தால் போதும். பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றியதும் கிடைக்கும், ஆனால் இதற்குப் புதிசு வாங்குங்கள்.

பெப்ரவரி 25

களுபோவிலை அக்கா ஒருவர் சேர்த்திருக்கும் குறிப்பு நல்லது: பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு ஒப்பீடு செய்பவர்கள் துளைக்குள் சிந்தினால் அது அலுமினியத்தைத் தின்னும், ஐதரசன் வரும். அனோடைஸ் பூச்சும் காரத்துக்குத் தாங்காது. சிந்தினால் உடனே கழுவுங்கள். வேறு மந்திரம் இல்லை.

மார்ச் 2

வெப்பமானி. கே வகை வெப்பவிணை (இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்பமானி) முதற்தரமாக இருந்தாலும் ஒன்றரைப் பாகை கூடக் குறையக் காட்ட அனுமதி உண்டு. எட்டுத் துளைக்கு எட்டு வாங்கிச் செருகி, "நாலாம் துளை சூடு" என்று முடிவெடுத்தால் அது துளையா, வெப்பவிணையா? ஒரே ஒரு நல்ல பிடி-100 (பிளாற்றினம் கம்பி வெப்பமானி) வாங்குங்கள். ஏ வகுப்பு என்றால் 60 பாகையில் 0.3க்குள் நிற்கும். அதையே துளைக்குத் துளை மாற்றி வையுங்கள். உலோகத்தில் அல்ல, எண்ணெய் நிரப்பிய போத்தலுக்குள். கட்டி 60 காட்டும்போது உள்ளே 57 ஆக இருப்பது சர்வசாதாரணம்.

மார்ச் 2, இரவு

குளிரூட்டியை மறந்துவிடப்போகிறீர்கள். கொழும்பில் ஆய்வுகூடம் என்றால் சுவரில் ஏ.சி. ஒன்று ஒரே பக்கமாக ஊதிக்கொண்டிருக்கும். வட்டக் கட்டியின் சமச்சீர் அந்தக் காற்றோடு போச்சு. சுற்றிவர ஒரு பெர்ஸ்பெக்ஸ் வளையம், இல்லாவிட்டால் தடித்த கார்ட்போர்ட். கட்டியின் பக்கங்களுக்குக் கண்ணாடிநார்ப் போர்வை. அழகில்லை, வேலை செய்யும்.

மார்ச் 9

இப்போது அந்த "ஒரே நாளில் 24 விடை" விஷயத்துக்கு வருவோம்.

ஊக்கி நிறுக்கும் நேரம். சுட்ட கல்சியம் ஒட்சைட்டு நம் ஊர்க் காற்றில் சும்மா இருக்காது. ஈரத்தைப் பிடித்து ஐதரொட்சைட்டாகும், காபனீரொட்சைட்டைப் பிடித்து மறுபடி காபனேற்றாகும். 24 போத்தலுக்கு நிறுத்துக்கொண்டிருந்தால் முதலாவது மூடியில்லாமல் அரை மணி காத்திருக்கும். கடைசி போத்தலுக்கு வேறு ஊக்கி போட்ட மாதிரித்தான். ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்து உடனே மூடி உலர்த்திக்குள்.

தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரம். எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் மெதனோல் ஊற்ற உங்களுக்கு எட்டுக் கை இல்லை. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று தொடங்குங்கள், அதே ஒழுங்கில் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து வடியுங்கள். எட்டுக்கு இது கைக்கு அடக்கம். இருபத்துநாலுக்குச் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பகுப்பு. ஜி.சி.யில் (வாயு நிறப்பகுப்புக் கருவியில்) ஒரு மாதிரிக்கு அரை மணி, இரண்டு தடவை செலுத்தினால் 24 மாதிரிக்கு ஒரு முழு நாள், இரவு உட்பட. அந்த ஜி.சி.க்குப் பின்னால் கம்பஸில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? எட்டுத் தாக்கம் என்றால் ஒரு வேலைநாளில் முடியும். கருவியின் துளை எண்ணிக்கையை ஜி.சி. தான் தீர்மானிக்க வேண்டும். பின்னால் மாதிரி தேங்கி நின்றால் முன்னால் அவசரப்பட்டு என்ன?

ஜி.சி. என்றதும் ஒன்று: தேங்காயெண்ணெய்யில் பாதிக்குக் கிட்ட லோரிக்கமிலம், 12 காபன். பயோடீசலின் எசுத்தர் அளவுக்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 14103 முறையின் 2003 பதிப்பு 14 காபனிலிருந்துதான் பார்க்கும். 2011 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். அது 6 காபனிலிருந்தே பார்க்கும்.

மார்ச் 16

தம்பி கட்டியை வெட்டக் கொடுக்கப்போகிறார் என்று எழுதியிருக்கிறார். பொறுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். களுபோவிலை அக்கா கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது: மூடிய போத்தலில் அமுக்கம் என்ன?

60 பாகையில் மெதனோலின் ஆவியமுக்கம் 0.84 பார் அளவு. உள்ளே அடைபட்ட காற்றும் சேர, வெளியைவிட ஏறக்குறைய ஒரு பார் கூட இருக்கும். நான் சொன்ன 28 மில்லிமீற்றர் போத்தல் அதற்காகச் செய்ததல்ல. திறந்து வைத்து மேலே ஒடுக்கி (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் குழாய்) பூட்டலாம் என்றால், கொழும்பில் மேல்தாங்கித் தண்ணீர் மதியத்தில் 30 பாகைக்கு மேல். ஐரோப்பாவில் குழாயைத் திறந்தாலே குளிர். இங்கே எட்டு ஒடுக்கிக்குப் பனிக்கட்டி வாளியும் பம்பும் வேண்டும்.

ஆகவே ஜி.சி. தலைவெளிப் போத்தலுக்கு (திரவத்தின் மேல் நிற்கும் ஆவியைச் சோதிக்கச் செய்த போத்தலுக்கு) மாறுவோம். 20 மில்லிலீற்றர், வெளிவிட்டம் 23க்குள், தடித்த கண்ணாடி, அலுமினிய மூடியைக் கிரிம்பரால் நெரித்து மூடுவது. சூடாக்கி அமுக்கத்தில் வைப்பதற்கென்றே செய்தது. தட்டை அடி உள்ளதைக் கேளுங்கள், காந்தத் துண்டு அதில்தான் ஒழுங்காகச் சுழலும். துளை 23.5. அதே 135 கட்டியில், 95 மில்லிமீற்றர் வட்டத்தில் பத்துத் துளை வரும். சுவர் 6க்கு ஒரு மயிரிழை குறைவு, பரவாயில்லை. எட்டுக்குப் பதில் பத்து, இலவசமாக.

முன்னால் ஒரு பொலிகாபனேற்றுத் தடுப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் இருந்தால்தான் மூடிய போத்தல். அதில் பேரம் இல்லை.

மார்ச் 23

"பத்துத் துளையில் பத்து ஊக்கி" என்று தொடங்காதீர்கள். முதல் ஓட்டம் பத்திலும் ஒரே எண்ணெய், ஒரே ஊக்கி, ஒரே மெதனோல், ஒரே நேரம். பத்து விடையும் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். அந்தச் சிதறல்தான் உங்கள் கருவியின் உண்மையான அளவு. அதைவிடச் சின்ன வித்தியாசத்தை இந்தக் கட்டியால் காண முடியாது, எத்தனை துளை இருந்தாலும்.

ஒரு நாளை வீணாக்கச் சொல்கிறேன் என்று முணுமுணுக்கிறீர்கள், கேட்கிறது. இது இந்த ஊருக்குப் புதிய விஷயமில்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷரோடு வேலை செய்த ஈடன் என்பவர் பிறகு நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலைப் பாத்திகளில் பரிசோதனை வழு எவ்வளவு என்பதையே ஆராய்ந்து 1931இல் எழுதினார். வித்தியாசமாக எதுவும் செய்யாவிட்டாலும் பாத்திக்குப் பாத்தி கொழுந்து வித்தியாசப்படும். அது தெரியாமல் உரத்தைப் புகழக்கூடாது. பாத்திக்குப் பதில் துளை, அவ்வளவுதான்.

பிறகு வரும் ஓட்டங்களில் ஒன்பது புதிது, ஒன்று எப்போதும் அதே பழைய ஒப்பீட்டுக் கலவை. எந்தப் போத்தல் எந்தத் துளை என்பதைச் சீட்டுக் குலுக்குங்கள். ஊக்கியின் அளவு ஏறும் ஒழுங்கில் துளைகளை நிரப்பினால், ஏ.சி. காற்றுக்குக் கூட ஒரு அழகான வரைபு கிடைத்துவிடும்.

ஏப்ரல் 27

புதுவருட விடுமுறை முடிந்து தம்பி முதல் ஓட்டத்தின் இலக்கங்களைப் போட்டிருக்கிறார். ஒன்பது போத்தலில் பயோடீசல் விளைச்சல் 71க்கும் 74 சதவீதத்துக்கும் இடையில். ஏழாம் துளை 63.

ஒன்பது இப்படி நின்றது எனக்கே ஆச்சரியம். பாஸுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள். ஏழாம் துளையைத் திட்டுவதற்கு முன்: போத்தல்களை மூடியதும் நிறுத்தீர்களா, முடிந்து ஆறியதும் நிறுத்தீர்களா? எழுதி வைத்திருந்தால் அதைப் போடுங்கள்.

ஏப்ரல் 28

வந்துவிட்டது. மற்றப் போத்தல்கள் 0.02 கிராமுக்குள் இழந்திருக்கின்றன, ஏழாவது 0.6 கிராம். மெதனோல் மூடியால் போயிருக்கிறது. துளையில் குற்றமில்லை. நெரித்த மூடியை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் கிரிம்பரின் திருகை ஒரு கால் சுற்று இறுக்க வேண்டும். உள்ளே சிலிக்கோன் வட்டின் ரெஃப்லோன் பக்கம் போத்தலைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள், பிரட்டி வைப்பது மிக இலேசு.

இனி ஒவ்வொரு ஓட்டத்திலும் முன் நிறை, பின் நிறை இரண்டு நிரல் கொப்பியில் இருக்கட்டும். 0.1 கிராமுக்கு மேல் இழந்த போத்தலின் விடையைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி செய்யுங்கள், விடை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

மே 4

மூடியை மாற்றிய ஓட்டத்தில் ஏழாவது 72. சரி, இனி முட்டைக்கோதைச் சுடலாம். 800 பாகையில் சுட்டதும் 900இல் சுட்டதும் ஒரே ஓட்டத்தில் வரட்டும், வேறு வேறு நாளில் வேண்டாம். உலையிலிருந்து எடுத்ததும் சூட்டோடு உலர்த்திக்குள், மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்து ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். இல்லாவிட்டால் மூடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், திறக்க இரண்டு பேர் வேண்டும்.